தலைக்கா, கதவுக்கா

பொன்னம்மாபேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
என் கதவையும் சேர்த்து ஐந்து கதவு, ஒரே மெயின் மீட்டர்.
ரீடிங் எடுப்பவர் வந்துபோன சாயங்காலம்
டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு
சப்-மீட்டர்களின் ஒட்டடையை ஊதிப் படிக்கிறேன்.

கூட்டினால் அறுநூற்றுப் பத்து.
மெயினில் எழுநூற்று எண்பத்தெட்டு.
நடுவில் காணாமல்போனதை
மோட்டார் குடித்தது என்கிறேன்.
"போன தடவை எழுபதுதானுங்களே குடிச்சது"
என்கிறார் கொலுசுக்குப் பற்றவைக்கும் பூவரசன்.
என்னைப்போல் அவரும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்.

தலைக்கு இவ்வளவு என்று வகுத்தேன்.
முபீனாவின் பிள்ளைக்கு நாற்பது நாள்.
"இன்னும் தலையே நிக்கலீங்க,
அதுக்குள்ள தலைக்கணக்கா?"
தலை நிற்காவிட்டால் என்ன,
வாஷிங் மெஷின் நிற்காமல் ஓடுகிறதே
என்றாள் மேல்வீட்டுச் சௌடேஸ்வரி, சுவரைப் பார்த்து.

சரி, கதவுக்கு இவ்வளவு.
மொட்டைமாடி ஒற்றை அறையிலிருந்து
உருக்காலை ஷிப்ட் முடிந்து
ஒரு வாளியில் குளிக்கும் பிஸ்வஜித் இறங்கி வந்தான்.
அவங்க நாலு பேர், நான் ஒரு ஆள், காசு ஒண்ணா?
தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில்
சரியாகத்தான் கேட்டான்.

இலவச நூறு யூனிட்டில் எங்கள் பங்கு எங்கே
என்றும் ஒரு குரல்.
ஐந்தால் வகுத்துக் காட்டினேன். இருபது.
ஒருவரும் பேசவில்லை.

நானும் ஜமீன் இல்லை.
இந்த வாடகையில்தான் வங்கித் தவணை, வீட்டுவரி,
மேட்டூர்த் தண்ணீர் வராத வாரங்களில்
லாரிக்காரர் வாயில் வந்த விலை.
அடுத்த மாதம் முதல் ஐந்நூறு கூடுதல் என்று
ஒரு தாளில் எழுதிவிட்டேன்.
கேட்டில் ஒட்டுவதற்கு, போன வருஷத்துப் பசை டப்பாவைத் தேடி
கொல்லைப்பக்கம் போனபோது பார்த்தேன்:

ஏற்காட்டு மலையே பழுப்பேறித் தெரியும் பங்குனியில்
மதிலுக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையே
யாரும் ஊன்றாத, யாரும் ஒரு சொம்பு ஊற்றாத பப்பாளி,
கழுத்தைச் சுற்றிக் காயாக.

காலடி மண்ணைத் தொட்டேன்.
சேறு.

இரண்டடி தோண்டியதும் பிளம்பர் சிரித்தார்.
தொட்டிக்கு ஏற வேண்டியதில் பாதி
விரிசல் வழியே இங்கே இறங்கியிருக்கிறது.
காலையும் மாலையும் நானே சுவிட்சைப் போட்டு
மண்ணுக்கு இறைத்திருக்கிறேன்.

அந்த நூற்றியெட்டு யூனிட்டை
என் பெயருக்கு நேரே எழுதினேன்.
வேறு எங்கே எழுதுவது?
தாளைக் கிழிக்கவில்லை.
மடித்து நோட்டுக்குள் வைத்திருக்கிறேன், ஆடி வரட்டும்.

குழாய் மாற்றிய எட்டாம் நாள்
முதல் பழம் மஞ்சளித்தது.
இனி அந்த மரத்துக்கு யார் ஊற்றுவது என்று
இன்னும் பேச்செடுக்கவில்லை.
பூவரசன் கத்தியோடு வந்து, பழத்தின்மேல் வைத்து,
வெட்டாமல் என் முகத்தைப் பார்க்கிறார்:
தலைக்கா, கதவுக்கா?

பிள்ளையின் பிடரியைத் தாங்கியபடி
முபீனா முன்னே வருகிறாள்.
"எங்க வீட்டுல மூணு தலைங்க."