வன்பொருள் முடுக்கம்

திரையில் அருந்தவராசா அண்ணையின்ர முகம்
நெற்றியோடு அறுந்து
ஒரு விரல் தள்ளித் திரும்பத் தொடங்குகிறது.
இதில் எங்கே ‘கண்ணீர் அஞ்சலி’யைப் பொருத்துவது?
நாலு மணிக்குள் நாற்பது பிரதி வேணும்.
மச்சான்காரர் வாசலில்
ஓட்டோவை நிறுத்தாமலே நிற்கிறார்.

டிரைவரைக் கழற்றினேன், பழையதைப் போட்டேன்,
அதற்கும் பழையதைப் போட்டேன்.
இந்த அட்டைக்கு இனி ஆதரவில்லை என்றது கம்பெனி,
ஒரே வரியில், மரியாதையாக.

பெட்டியைத் திறந்தால்
வெள்ளவத்தைக் கடல் உள்ளே குடியிருக்கிறது.
விசிறியில் ஈரத்தூசு,
அட்டையின் பொன்பல்லில் உப்புப் பச்சை.
மகளின் அழிறப்பரால் தேய்த்து
ஊதிச் செருக
முகம் சேர்ந்தது.

மூன்று இருபதுக்குக் கோட்டை ரயில்
மேசையை ஆட்டிக்கொண்டு போனது.
முகம் திரும்பவும் இரண்டு.

இவ்வளவு நாளும் டிரைவரைத் திட்டினது வீண்.
நேரசூசியைப் பார்த்திருக்கவேணும்.

நூறாம் நம்பர் பஸ் டிக்கெட்டை எட்டாய் மடித்து
அட்டைக்கு முட்டுக்கொடுத்தேன்.
முடுக்கம் என்ற கட்டத்தில்
சரி அடையாளத்தையும் எடுத்துவிட்டேன், பயத்தில்.
இனி எல்லாம் ப்ரொசசர்தான் கீறவேணும்,
மேலிருந்து, வரி வரியாக.

முடி.
நெற்றி.
கண்ணாடி.
போன மாதம் இங்கேதான்
பென்சன் படிவம் இரண்டு பிரதி எடுத்தார்.
ஒன்று மங்கல்.
இரண்டுக்கும் காசு வாங்கினேன்.

மீசை வந்துவிட்டது.
வாய் வருவதற்குள்
பம்பலப்பிட்டிப் பக்கம் ஹோர்ன் கேட்கிறது.
இரண்டு கையாலும்
மேசையைப் பிடித்துக்கொள்கிறேன்.