எப்பா

திருச்சியிலிருந்து கொழும்புக்கு
ஒரு மணி நேரம்கூட இல்லை.
இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள்
பெல்ட்டைப் போடச் சொல்லிவிட்டார்கள்.

இதே கடலைத்தான்
இவரை வயிற்றில் சுமந்துகொண்டு
கப்பலில் கடந்தார் என் மாமியார்.
மண்டபம் முகாமில் பெயர் கொடுத்து,
கோத்தகிரிக்கு மேலே கொழுந்து பறிக்க ஏறியவர்.
அவர் விட்டுவந்த மலைக்கு
நாங்கள் பிள்ளை கேட்டுப் போனோம்.

நுவரெலியாவில் பச்சைக் கேட் போட்ட இல்லம்.
எங்கள் கோப்பில் பதினேழு முத்திரை.
அதிகாரி அம்மாள் கேட்டார்:
சம்பளம் எவ்வளவு?
சொந்த வீடா?
ஏன் இந்தக் குழந்தை?
முதல் இரண்டுக்கும் தாள் இருந்தது.
மூன்றாவதற்கு இவர் என்னைப் பார்த்தார்,
நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

செனுலி.
மூன்று வயதாக இன்னும் பதினோரு நாள்.
ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.
இவர் முட்டி போட்டுக் கை நீட்டியதும்
"எப்பா" என்றாள்.

"அப்பாங்கிறா, பாரு!"
கொழுந்து லாரி ஓட்டும் கை நடுங்கியது.
மொழிபெயர்க்க வந்த பையன்
இருமினான். பிறகு மெல்லச் சொன்னான்:
சிங்களத்தில் அதற்கு
'வேண்டாம்' என்று பொருள்.

வழக்கு முடியும்வரை
அட்டனில் வாடகை அறை, இருபத்தாறு நாள்.
சோறு எப்பா. குளியல் எப்பா.
ஆரஞ்சு கவுன் எப்பா.
என் மடி எப்பா.
ஒவ்வொரு எப்பாவுக்கும்
"என்னம்மா" என்றார் இவர்,
அர்த்தம் தெரிந்த பிறகும்.

திரும்பும்போது, குஞ்சப்பனை தாண்டி
மூன்றாவது வளைவில்
என் சேலை முழுக்க வாந்தி.
அப்போதுதான் முதல்முறையாக
என்னை இறுக்கிப் பிடித்தாள்.
வாந்திக்கு யாரையாவது
பிடிக்கத்தானே வேண்டும்
என்று சொல்லிக்கொண்டேன்,
ரொம்ப ஆசைப்பட்டுவிடாமல் இருக்க.

லைன் வீட்டுச் சனம் முழுக்க வந்து பார்த்தது.
பெயரை மாற்றலையா என்றது.
அவள் கையோடு கொண்டுவந்தது அது ஒன்றுதான் என்றேன்.

ஜீவரத்தினம் அண்ணன் மட்டும்
வாசலைத் தாண்டவில்லை.
எண்பத்து மூன்றில்
கடையும் தம்பியும் எரிந்த பிறகு
உடுத்திய சாரத்தோடு வந்தவர்.
நான்காம் நாள் வந்து குந்தினார்.
நாற்பது வருஷம் வாயில் வைக்காத மொழியில்
அவளிடம் ஏதோ கேட்டார்.
அவள் பதில் சொன்னாள்.
நீளமாக, கையை ஆட்டி ஆட்டி,
நாங்கள் கேட்டேயிராத குரலில்.
அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.
என்ன சொன்னாள் என்று
இன்றுவரை எங்களிடம் சொல்லவில்லை.

படுக்கை உதறிய அன்று
தலையணை உறைக்குள் மூன்று பிஸ்கட்,
பாதி வாழைப்பழம், எறும்பு.
அப்புறம் அரிசிப் பானைக்குப் பின்னாலும்.
என் பழைய ஷூவுக்குள்ளும்.
எறும்பை மட்டும் தட்டிவிட்டு
இருந்த இடத்திலேயே வைத்தேன்.
ஷூவுக்குள் கூட ஒன்று போட்டேன்.
மறுநாள் எண்ணியிருப்பாள்போல.
எதுவும் பேசாமல்
என்னையே பார்த்துக்கொண்டு
கஞ்சி முழுவதையும் குடித்தாள்.

தை மாதம், உறைபனி விழுந்த காலை.
இவர் குடத்தோடு குழாயடிக்குப் போகிறார்.
தேயிலைச் செடிக்கு அந்தப்பக்கம்
பனிமூட்டம் கொஞ்சம் நகர்ந்தது.
நகர்ந்தது பனிமூட்டமில்லை.
காட்டெருமை,
வெள்ளைக் காலுறை போட்ட நாலு கால்.
எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.
வாசற்படியிலிருந்து
அவள்தான் கத்தினாள்:

"எப்பா!"

போகவேண்டாம் என்றாளா,
இவரைத்தான் கூப்பிட்டாளா,
நான் கேட்டுக்கொள்ளவில்லை.
குடத்தைப் போட்டுவிட்டு
இவர் திரும்பி வந்தார்.
இரண்டில் எதுவானாலும்
அதுதானே செய்யவேண்டியது.

எருமை வந்து
குடத்தை முகர்ந்து பார்த்தது.
ஒரு நெளிவு விழுந்திருக்கிறது.
அதில்தான் இன்றும் தண்ணீர் பிடிக்கிறோம்.