மச்சை இல்லாத விலா

பனிச்சங்கேணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது
இறால் குளம் வெட்டிய பெக்கோ
தூக்கிய கையோடு அப்படியே நின்றது.
சாரதி ஆதம்பாவா வேலியோரம்,
மூன்றாவது சிகரெட்.
"நான் தொடல்ல மிஸ். கண்டதும் நிப்பாட்டிட்டன்."
மஞ்சள் நாடா கட்டிய சார்ஜன்
என் அட்டையை இரண்டு பக்கமும் பார்த்தார்.
தொல்லுயிரியல் என்ற சொல்லை
எழுத்தெழுத்தாய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

டைனோசர் தேடத்தான் நான் இந்தப் படிப்புக்குப் போனேன்.
முதலாம் வருடமே விரிவுரையாளர்
வரைபடத்தில் எங்கள் மாவட்டத்தை விரலால் மூடினார்:
இங்கே வேண்டாம்.
குடும்பிமலைப் பாறை,
எலும்பு என்ற யோசனையே
எந்த உயிருக்கும் வராத காலத்துப் பாறை.
வெந்து, மடிந்து, வரிவரியாய் இறுகியது.
அதன்மேல் கிடப்பது நேற்றைய மணல்.
நடுவில், பெரும் பல்லிகள் நடந்த
அத்தனை கோடி ஆண்டுகளையும்
மழை கொண்டு போய்விட்டது.
மட்டக்களப்பில் பிறந்தவள் டைனோசர் காண
விசா எடுக்க வேண்டும்.

எங்கள் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து எலும்பு வந்தால்
ஒருவரும் யுகம் கேட்பதில்லை.
வருடம்தான் கேட்பார்கள்.

நாடாவுக்கு அப்பால் பதினொரு பேர்.
சிலர் கையில் பொலித்தீன் பை, பைக்குள் படம்.
அவர்களுக்கு முதுகு காட்டி இறங்கினேன்.

நாலடி ஆழத்தில் ஊரியும் மட்டியும் விரவிய
சாம்பல் சேறு.
தூரிகை, மூங்கில் ஈர்க்கு, சிரட்டையில் தண்ணீர்.
ஒரு மணி நேரத்தில் ஏழு விலாக்கள்.
உடைந்த ஒன்றின் வாயைக் கழுவினேன்.
உள்ளே குழி இல்லை, பஞ்சு இல்லை,
மச்சை இருந்த தடமே இல்லை.
முதிரைக்கட்டையை அறுத்ததுபோல
நடுவரைக்கும் எலும்பு.

ஆவுளியா.
சாதாழை மேய, மிதக்காமல் அமிழ்ந்திருக்க
தன் விலாவையே ஈயக்குண்டாக்கிக்கொண்ட கடற்பசு.
கடல் இவ்வளவு தூரம் உள்ளே வந்து நின்ற காலத்தில்
இந்த வெட்டையில் மேய்ந்திருக்கிறது.

மேலே ஏறிச் சொன்னேன்:
மனிசருடையது இல்லை.

அதைச் சொல்லும்போது என்ன முகம் வைத்திருப்பது,
எந்தப் பாடத்திலும் இல்லை.
சார்ஜன் நாடாவைச் சுருட்டத் தொடங்கினார்.
ஆதம்பாவா "அல்ஹம்து" என்று வாயெடுத்தவர்
நின்றவர்களைப் பார்த்து
மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

கதிரவெளியிலிருந்து ஓட்டோ பிடித்து வந்த யோகமலர்
மட்டும் போகவில்லை.
"தம்பிக்கு இடப்பக்கம் ரெண்டு விலா
உடைஞ்சு பொருந்தினது மகள். சைக்கிளால விழுந்து.
அதப் பாக்கத்தான் வந்தனான்."
கையை நீட்டினார். கொடுத்தேன்.
"என்ன பாரம்."
புரட்டிப் பார்த்தார்.
"எத்தினை வருசமாக் கிடக்கு?"
ஆறாயிரம் இருக்கலாம்,
ஆய்வுகூடம்தான் சரியாய்ச் சொல்லும் என்றேன்.

"ஆறாயிரம்."

தூரத்தில் ஆட்காட்டி ஒன்று கத்தி ஓய்ந்தது.

"முப்பத்தஞ்சு வருசத்தில எல்லாம் மண்ணாப் போயிருக்கும்,
சேட்டிபிக்கட்டுக்குக் கையெழுத்து வையுங்க எண்டு
கந்தோரில சொன்னவங்க."

எனக்கு எழுத வேண்டியது நிறைய இருந்தது.
மாதிரி இலக்கம், ஆழம், நிறம், ஈரம்.
எழுதியபடி,
அவர் முகத்தைப் பாராமல் சொன்னேன்:
அது மண்ணைப் பொறுத்தது அக்கா.
புளிப்பு மண் தின்றுவிடும்.
சிப்பிச் சுண்ணாம்பு உள்ள மண் வைத்திருக்கும்.

அவர் குனிந்து ஒரு பிடி சேறு அள்ளினார்.
உள்ளங்கையில் ஊரிகளை ஒவ்வொன்றாய்
விரல்நுனியால் ஒதுக்கினார்.

"இந்த மண் எவ்வளவு தூரத்துக்குப் போகுது?"

ஜீப்பின் பொனட்டில் களப்படத்தை விரித்தேன்.
கடல்காற்று விடவில்லை.
நாலு மூலைக்கும் நாலு விலா வைத்தோம்,
வைக்கக் கூடாதுதான்.