பதின்மூன்று மீட்டர்

பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது:
ரப்பரை முறுக்கு, விட்டுவிடு.
போன மார்ச்சில் விட்டேன்.
சுங்கை நிபோங் அடுக்குமாடிகளுக்கு மேலே ஏறி
பாலத்துப் பக்கம் திரும்பி
ஒரு புள்ளியாகி
புள்ளியும் இல்லாமல் ஆனது.
மூன்று சனிக்கிழமை வேலை, நாற்பத்தைந்து ரிங்கிட்.

பயான் லெப்பாஸில் நிஜ விமானங்கள் இறங்குகின்றனவே,
எதற்கும் கேட்டுவிடுவோம் என்று
மன்ற அலுவலகத்துக்குப் போனேன்.
விளக்கெண்ணெயில் வதக்கிய வெண்டைக்காயாக ஒரு பதில்.
கயிறு கட்டியிருந்தால்?
என்று நூல் விட்டுப் பார்த்தேன்.
அதிகாரி பேனாவை மூடினார்.
கயிறு கட்டினால் அது விமானமில்லை, மேடம்,
பட்டம்.

சரி, பட்டமாகவே இருக்கட்டும்.

அதே மாடலில் இன்னொரு பெட்டி.
இரவு ஷிப்ட் முழுக்க
நுண்ணோக்கியின் கீழ் சிப்பின் கால்களை எண்ணிய கைகள்
வீட்டுக்கு வந்து பால்சாவை அறுத்தன.
இரண்டு பக்கமும் மேல்நோக்கிச் சாய்ந்திருந்த இறக்கையை
நடுவில் வெட்டிச் சமமாக்கி ஒட்டினேன்.
வரைபடத்தில் அப்படி இல்லை.
வரைபடத்தில் எலிவேட்டருக்கு அசைவே கிடையாது.
பிளேடால் பிரித்து, கீலுக்குப் பதில் நூலால்
எட்டு எட்டாகத் தைத்தேன்,
முப்பத்திரண்டு தையல்.
ரப்பர் கிடந்த வயிற்றில் இப்போது பெல்கிராங்க்:
ஓர் ஆணியில் ஆடும் முக்கோணத் தகடு.
அதிலிருந்து இடது இறக்கை வழியே
வெளியே நீளும் இரண்டு கம்பி.
மூக்குக்குப் பிளைவுட்.
எஞ்சின் ஜெலுத்தோங் ஊய் லியோங்கிடம் வாங்கியது,
ஒன்றரை சிசி, பழையது.
'அது கடிக்கும்' என்றார்.
காட்டிய விரலில் பாதி நகம் இல்லை.
வலது இறக்கை நுனியில்
கம்பிகளின் எடைக்கு ஈடாக
ஓர் இருபது சென் காசு.

ஞாயிறு காலை ஏழு மணி, பள்ளித் திடல்.
ஷிப்ட் முடிந்த சீருடையோடு ரசாலி
விமானத்தைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறான்.
'காக் மங்கை, விடவா?'
ஈதரும் விளக்கெண்ணெயும் கலந்து புகைகிறது,
இந்தத் தடவை வெண்டைக்காய் இல்லாமல்.
விட்டான்.

எடுத்த எடுப்பில் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது.
கோயிலில் வலம் வந்து பழகிய கால்
இங்கே இடம் சுற்றுகிறது.
செக்குமாடு என்று சொல்லிவிடாதீர்கள்;
செக்கு நான்.
மாடு அதோ,
அடுக்குமாடி, மாமரம், சூராவ், ரொட்டி சானாய்க் கடை,
மறுபடி அடுக்குமாடி என்று
ஐந்து நொடிக்கு ஒரு தடவை
ஊரையே பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுகிறது.
மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் ஏறுகிறது.
முன்னால் சாய்த்தால் இறங்குகிறது.
சாய்க்கலாமா என்று நினைத்தாலே
கேட்டுவிடுகிறது.

பதினோராம் சுற்றோ பன்னிரண்டோ,
கடல் பக்கமிருந்து ஒரு காற்று.
இழுப்பு நின்றது.
இரண்டு கம்பியும் தொய்ந்து
கையில் வெறும் மரக் கைப்பிடி.
உயரத்தில் மூக்கைத் திருப்பி
என்னையே பார்த்து வருகிறது.
பின்னால் ஓடினேன்,
ஒரு செருப்பை நடுவில் விட்டுவிட்டு.
நாலாவது எட்டில் கம்பி விறைத்தது.
விரலுக்குள் மறுபடியும் அந்த உறுமல்.
ரசாலி என்னவோ கத்தினான்,
காதில் விழவில்லை.

எண்ணெய் தீர்ந்தது.
சத்தம் இல்லாமல் ஒன்றரைச் சுற்று.
புல்லில் மூக்கை வைத்துக் குப்புற விழுந்தது.

நானும் உட்கார்ந்தேன்.
திடல் மட்டும் நிற்கவில்லை.
நொறுங்கிய இறக்கை நுனியைத் தூக்கிப் பிடித்து
புல்லைத் துழாவிக்கொண்டிருந்தான் ரசாலி.
'இருபது சென் கிடைச்சிருச்சு, காக்!
எத்தனை சுற்று?'
தெரியாது. எண்ணுவதே என் வேலை,
எண்ண மறந்திருந்தேன்.

தலைக்கு மேலே
சக்கரங்களை இறக்கிக்கொண்டு ஒரு பெரிய விமானம்
பயான் லெப்பாஸை நோக்கி
வளைந்து வளைந்து போனது.
அது ஏன் சுத்துது என்று கேட்டேன்.

'நேராத்தான் போகுது' என்றான் ரசாலி,
செருப்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டு.