சந்தை சரியில்லை

ஹல் நகரத்தில் கேரவன் செய்யும் ஆலை.
மூன்று வருடம் இரண்டு மாதம்
ஜன்னல்களுக்கு ரப்பர் பட்டை ஒட்டினாள் கிளெண்டா.
ஆலை இப்போது கார்பெட் கிடங்கு.
ஓய்வூதியம் மட்டும் எங்கோ உயிரோடிருக்கிறது,
ஆண்டுக்கு ஒரு கடிதம் போட்டுக்கொண்டு:
நான்காயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பவுண்ட்.

புதுக் கணக்குக்கு மாற்றித் தொலையேன் என்கிறாள்
பேக்கரியில் கூட நிற்கும் லொரெய்ன்.
மாற்றலாம்.
ஜனவரியில் சந்தை சரிந்து கிடந்தது,
ஏறட்டும் என்றிருந்தாள்.
மார்ச்சில் ஏறியது,
இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்றிருந்தாள்.
மாறுகிற பத்து நாளும் பணம்
எந்தக் கரையிலும் இராதாம்.
அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்?

லொரெய்னிடம் சொல்லாதது ஒன்று.
கடிதத்தின் இரண்டாம் பக்கம், கீழே,
இறந்தபின் பெறுபவர்: கீத் ப்ராம்வெல்.
இருபத்திரண்டு வயதில்
பச்சை மையில் எழுதிக் கொடுத்த பெயர்.
பிரிட்லிங்டனில் படகு வாடகைக்கு விடுகிறான்,
பேரன்கள் இருவர் என்று கேள்வி.
தெரியாது அவனுக்கு,
இவள் செத்தால் தனக்கு
நான்காயிரம் பவுண்ட் லாபமென்று.

புதுப் படிவத்திலும் அந்தக் கட்டம் இருக்கும்.
யாரை எழுத?

ரொட்டிப் பெட்டிக்கு அடியில்
கடிதத்தைத் திரும்பச் செருகுகிறாள்.
சந்தை, என்கிறாள் மறுநாள் லொரெய்னிடம்,
மாவுக் கையைத் தட்டிக்கொண்டே,
இன்னும் சரியில்லை.