இருபத்திரண்டு டிகிரி

குளிப்பது மண்ணில்தானாம்.
தண்ணீர் படவே கூடாதாம்.
"அப்படியென்றால் எங்கள் பாலாற்றில் பிறந்ததுதான்" என்றேன்.
லால்ரின்புயி சிரிக்கவில்லை.
மேற்படிப்பு முடிந்து ஐந்தாம் தேதி ஊருக்குப் போகிறாள்.
விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று இரண்டு முறை சொன்னாள்.
ஆற்று மணல் பருமன், தோலைக் கீறிவிடும் என்றும்.

கூண்டில் அந்தச் சின்சில்லா
காய்ந்த புல் ஒன்றை முன்னங்கைகளில் பிடித்து
ரசீது சரிபார்ப்பவரைப் போல
நுனியிலிருந்து தின்றுகொண்டிருந்தது.
மூன்று நாள் வைத்துப் பாருங்கள், என்றாள்.

எனக்கு வேலை ரத்த வங்கியில், இரவில்.
சிவப்பணுக்களுக்கு நான்கு டிகிரி.
பிளேட்லெட் பைகளுக்கு இருபத்திரண்டு,
அதுவும் தட்டில் வைத்து விடிய விடிய ஆட்ட வேண்டும்.
நிறுத்தினால் கட்டிப்போகும்.
ஐந்து நாள் ஆயுசு.
இதற்கும் ஏறக்குறைய அதே இருபத்திரண்டுதான்.
ஆயுசு மட்டும் இருபது வருஷம்.
எனக்கு நாற்பத்து மூன்று.
கூட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினேன்.

சத்துவாச்சாரி. இரண்டாவது மாடி, அதற்கு மேல் வெயில்.
மே மாதம்.
மீட்டரைப் பார்த்துவிட்டு மேலே வந்தார்
வீட்டுக்காரர் ஏகாம்பர நாயுடு.
"எலிக்கா ஏசி?"
"எலி இல்லைங்க."
"பின்னே?"
பெயரைச் சொன்னேன்.
தொற்றுநோயின் பெயர் கேட்டவர்போல
ஒரு படி கீழே இறங்கி நின்றார்.

முதல் இரவு எனக்கு விடுமுறை.
ஊர் அடங்கியதும் அது எழுந்தது.
சுவரை உதைத்துத் திரும்பி, அலமாரிமேல் தாவி,
என் முழங்கால்மேல் ஒரு கணம் நின்றது.
கனமே இல்லை.
பதினோரு வருஷமாக அந்த நேரத்தில்
என்னோடு விழித்திருந்தது
குளிர்பெட்டியின் உறுமல் மட்டும்தான்.

இரண்டாம் இரவு, இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
இருபத்து நான்கு. இருபத்தாறு. இருபத்தெட்டு.
அதன் காதுகள் சிவந்தன.
உறைந்த பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்தேன்.
பளிங்குத் துண்டின்மேல் வயிற்றை ஒட்டிக்கொண்டு
என்னையே பார்த்தது,
நான்தான் மின்வாரியம் என்பதுபோல.
மூன்று ஐந்துக்கு வந்தது.

மூன்றாம் இரவு நான் டியூட்டியில்.
மணிக்கொரு தரம் ஏட்டில் எழுதுகிறேன்:
4.1. 3.9. 22.0.
இங்கே ஜெனரேட்டர் உண்டு. அலாரம் உண்டு.
கீழே 'பொறுப்பாளர் கையொப்பம்' என்று ஒரு கட்டமும் உண்டு.
இந்நேரம் வீட்டில் கரண்ட் போனால்
ஃப்ரீசரை யார் திறப்பார்கள்?

யாரும் இல்லை.
அது எனக்குப் புதுச் செய்தி அல்ல.
இன்னோர் உயிர் அதைக் கேட்டதுதான் புதிது.

காலை ஆறுக்கே ஆட்டோ பிடித்தேன், வெயில் ஏறுமுன்.
மடியில் கூண்டு, இருபுறமும் ஐஸ் பாட்டில்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்றாள்.
வெயில், என்றேன். பொய்யில்லை.

ஊட்டியில் யாரோ ஓர் ஆசிரியை வாங்கிக்கொண்டாராம்.

அலமாரி விளிம்பில் அரை விரல் அகலத்துக்குக்
கடித்து வைத்திருக்கிறது.
நாயுடு கண்ணில் படுமுன்
மரப்பொடியும் பசையும் குழைத்து அப்ப வேண்டும்.
பசை வாங்கியாயிற்று.
ஜூன் முடியப்போகிறது.