எர்த் இல்லாத வீடு

சனிக்கிழமை ராத்திரி, தண்டையார்பேட்டை,
ஹவுசிங் போர்டு மூணாவது மாடி.
சாப்பாட்டு மேசையில் தட்டுகளை நகர்த்திவிட்டு
மூன்று பெட்டிகளை வைத்தேன்,
ஒன்றின் ஒயர் இன்னொன்றின் கழுத்தில்.

முதலாவது பெனடிக்ட் இரவல் தந்தது.
சோப்பு டப்பா அளவு, நாலு குமிழ்.
கீறல் விழாமல் திங்கட்கிழமை வரணும் என்றான்.
ஏற்கெனவே ஏழு கீறல், எண்ணி வைத்திருக்கிறேன்.
இரண்டாவது பர்மா பஜாரில் ஆயிரத்து நூறு ரூபாய்,
பெயர் இல்லாத பச்சை.
கார் ஸ்டீரியோ சாமான் என்றுதான் விற்றார் கடைக்காரர்.
மூன்றாவது நானே ஈயம் உருக்கி ஒட்டியது.
மூடி பொருந்தவில்லை, ரப்பர் பேண்டு.

ஆம்ப் ஐந்து வாட், டிபன் கேரியர் உயரம்.
ஐந்து போதுமா என்று கேட்பவர்கள்
எங்கள் சுவரைப் பார்த்ததில்லை.
அடுத்த வீட்டில் அப்பளம் நொறுங்கினால்
என் தட்டில் கேட்கும்.

முதல் பெட்டி:
எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை மாதிரி,
எங்கே பிடித்தாலும் வழுக்கியது.
மிட்டை ஏற்றினால் மூக்கால் பேசியது.
இறக்கினால் அழகு,
டிரம்ஸ் வந்ததும் காணாமல் போகிற அழகு.
போன ஈஸ்டர் பூசையில் அப்படித்தான்
நாலு பாட்டு வாசித்தும்
வாசிக்காதவளாக நின்றேன்.

பச்சை:
கெயின் மூன்றைத் தொட்டதும்
எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் ஏர் பிரேக் விட்டதுபோல்
ஒரு சீறல், அப்புறம்தான் சுரம்.
பிடித்திருந்தது.
நாளெல்லாம் யார்டு கேட்டில் பாஸ் எழுதிக்கொண்டு
அதே சத்தத்தைத் திட்டுகிறவள் நான்.

என்னுடையது:
உம்ம்ம்.
அவ்வளவுதான்.
கம்பியில் விரல் வைத்தால் அடங்கும்,
எடுத்தால் திரும்ப உம்ம்ம்.
போனில் பெனடிக்ட் சிரித்தான்:
"உங்க வீட்ல எர்த் இல்ல. இப்ப நீதான் எர்த்."

பிளக் பாயிண்ட்டைக் கழற்றினேன்.
பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இல்லை,
காய்ந்த கரப்பான் ஒன்று இருந்தது.
சரி, குளியலறைக் குழாய் இருக்கிறதே,
மண்ணுக்குள்தானே போகிறது என்று
நாலு மீட்டர் ஒயரை இழுத்துக் கிளிப் மாட்டினேன்.

உம் மூன்று மடங்கானது.
ஸ்பீக்கர் மேல் வைத்த டம்ளர் நடந்தது.
நல்லவேளை, விரல் கம்பியில் இல்லை.

ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கீழே ஓடினேன்.
ஜெயசீலி அக்கா கதவைத் திறந்து,
"குழாயா? பத்து நாளா சுர்ருங்குது.
நரம்புத் தளர்ச்சின்னு மாத்திரை போட்டுக்கிட்டிருக்கேன்" என்றார்.

பிறகு நடந்தது சவுண்ட் செக்.
செருப்பைப் போட்டுக்கொண்டு,
துணிக்கிளிப்பால் பிடித்து ஒயரைத் திரும்ப மாட்டி,
ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்:
"ஒவ்வொரு வீடா மெயினை அணைங்க!"
தரைத்தளம் இருண்டது. உம்ம்ம்.
முதல் மாடி இடப்பக்கம். உம்ம்ம்.
யாரோ சீரியல் போச்சே என்று திட்டினார்கள்.
இரண்டாம் மாடி, ஜப்பார் பாய் வீடு.
சட்டென்று
குரல் இறங்கியது ஆம்ப்பில்,
பேரம் படிந்த மீன்காரி மாதிரி.

வாட்டர் ஹீட்டர். காயில் வெடித்திருந்தது.
ஜப்பார் பாய் அதைச் சுவரிலிருந்து கழற்றி,
வாசலில் வைத்து,
ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.
குழாயில் முதலில் கை நனைப்பது அவர் மகள்.

பதினொன்று ஆகிவிட்டது. நாலு பேர் என் வீட்டில்.
"இது என்ன மிஷின்?"
"கிட்டாருக்கு."
"எங்க வீட்லயும் வந்து வச்சுப் பாரேன்."
ஞாயிறு காலை இரண்டு வீடு சொல்லியாகிவிட்டது.

இன்னும் கொஞ்சம் உம் இருக்கிறது.
அது என் ஈயத்தின் குறை,
வேறு யாரையும் அணைக்கச் சொல்ல முடியாது.

அக்கா மட்டும் போகவில்லை.
வாசிச்சுத்தான் காட்டேன் என்றார்.
பச்சையை மாட்டி ஒரே ஒரு கார்டு, ஈ மைனர்,
கெயின் நாலு.
"லாரி மாதிரி இருக்கே."
"நல்லா இல்லையா?"
"நல்லா இல்லேன்னு சொன்னேனா?"
என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.